அங்கப்பன் சத்தம் போடாத நாட்கள்

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். "ஊக்கம் குடுக்கிற மாதிரி எழுதுங்க மேடம். போன வருஷம் ஒருத்தர் முட்டி வலிய எப்படி ஜெயிச்சேன்னு எழுதினாரு, எல்லாரும் ரசிச்சாங்க" என்றார். எனக்கும் முட்டி வலி உண்டு. இன்னும் ஜெயிக்கவில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன்.

என்ன வேலை பார்த்தேன் என்று அவரிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா கேள்வித்தாள் நாலு மொழியிலயும் வந்துடுது. இதுக்கா மேடம் அந்தக் காலத்துல சம்பளம் குடுத்தாங்க?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இரண்டு பக்கம் கேட்டவருக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆங் மோ கியோ குடியிருப்புப் பேட்டையில் என் வீட்டிலிருந்து அவர் வீடு இரண்டு பிளாக் தள்ளித்தான் இருக்கிறது. நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன்.

ஒரு வேலையிடத்தில் ஆட்கள் எந்த மனநிலையில் இருக்கிறார்கள், மேலே இருப்பவரை நம்புகிறார்களா, பயப்படுகிறார்களா, நாளைக்கும் அங்கேயே இருக்க விரும்புகிறார்களா என்று கேள்வித்தாள் கொடுத்து அளப்பார்கள். அதற்கு வேலையிடச் சூழல் அளவீடு என்று பெயர். அந்த அளவீட்டையே அளப்பதுதான் என் வேலை. லண்டனில் லண்டன்காரர்களுக்காகச் செய்த கேள்வி, காலாங் ஆற்றங்கரையில் ரப்பர் கட்டு தூக்கும் தமிழரிடமும் அதே விஷயத்தைத்தான் அளக்கிறதா, அல்லது வேறெதையோ அளந்துவிட்டு நல்ல பிள்ளையாக எண்ணைக் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். தராசையே நிறுத்துப் பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. அறுபதுகளின் நடுவில் பெற்றோர் எல்லாரும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் பிள்ளைகளைவிட நாற்காலிகள் அதிகமாகிவிட்டன. அப்போது பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது: தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, பொறுமையுள்ள ஆள் தேவை. பொறுமை என்ற சொல்லைப் பார்த்ததுமே சம்பளம் எப்படி இருக்கும் என்று புரிந்துவிட்டது. இருந்தாலும் விண்ணப்பித்தேன். லண்டனில் தலைமையகம் வைத்திருந்த ஒரு ரப்பர் நிறுவனம். பெயர் வேண்டாம். அதன் வாரிசுகள் இன்னும் எங்கேயாவது யாரையாவது அளந்துகொண்டுதான் இருப்பார்கள்.

பயிற்சி ஒரு வாரம். சிரிக்காதே, தலையாட்டாதே, கேள்வியை எழுதியபடியே வாசி, விளக்கம் கொடுக்காதே. இவ்வளவுதான். எதிரில் இருப்பவர் தமிழராக இருந்தால் இதைவிடக் கடினமான வேலை உலகத்தில் கிடையாது. ஒருவர் தன் கதையைச் சொல்லும்போது தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தால், "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று நம்மைக் கேட்பார்கள்.

என் மேலதிகாரி டாக்டர் ஹார்ட்லி. உளவியல் டாக்டர். இது கிடங்கு ஆட்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. முதல் நாளே ஒருவர் வீங்கிய கணுக்காலைக் காட்டினார். டாக்டர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "சுவாரஸ்யமாக இருக்கிறது" என்றார். அவருக்கு எல்லாமே சுவாரஸ்யமாக இருக்கும். மழை வந்தால் சுவாரஸ்யம். கூரை ஒழுகினால் மிகவும் சுவாரஸ்யம்.

அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்துவார். பென்சிலைக்கூட மேசையில் போடமாட்டார், படுக்கவைப்பார். என் வேலையில் பிழை இருந்தால் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். என் மேசைமேல் ஒரு சின்னத் துண்டுச் சீட்டு இருக்கும். அதில் "ஒருவேளை?" என்று ஒரே ஒரு சொல். எது ஒருவேளை, எந்தப் பக்கத்தில் ஒருவேளை என்று நான்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவருக்கு இப்படிச் சீட்டுகள் வந்துகொண்டே இருந்தனவாம். ஒரு நாள் சீட்டு வருவது நின்றது. அடுத்த மாதம் ஆளும் நின்றுவிட்டார். நான் இரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியை. டாக்டர் ஒவ்வொரு காலையும் கனிவாகப் புன்னகை செய்வார். நான் ஒவ்வொரு காலையும் அந்தப் புன்னகையைப் பார்த்து நடுங்குவேன்.

இனி எங்கள் நடைமுறையைச் சொல்கிறேன். ஆங்கிலக் கேள்வியை நான் தமிழாக்குவேன். ஆங்கில மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் என் தமிழை மறுபடி ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் மொழிபெயர்ப்பு சரி. இந்த மறு மொழிபெயர்ப்புக்கு எங்களுக்குக் கிடைத்தவர் ஹமீது நானா. நாகூர்க்காரர். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு துணிக்கடை முன்னால், அஞ்சடிப் பாதை என்கிற கடை முகப்பு நடைபாதையில் தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கு அரசாங்க மனு எழுதித் தருபவர். ஆங்கிலம் சுத்தமாக இருக்கும். ஆனால் மனு எழுதியே பழகிய கை.

"என் யோசனைகளை மேற்பார்வையாளர் காதுகொடுத்துக் கேட்கிறார்" என்ற சாதாரண வாக்கியம் நானாவிடம் போய்த் திரும்பி வந்தபோது, "மாட்சிமை தங்கிய மேற்பார்வையாளர் அவர்களின் சமூகத்தில் அடியேன் மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் யோசனைகள் கருணையோடு செவிமடுக்கப்படுகின்றன" என்று ஆகியிருந்தது.

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். "சுவாரஸ்யம். தமிழில் இவ்வளவு பணிவா, மிஸ் கமலா?"

"பணிவு தமிழில் இல்லை டாக்டர், நானாவிடம் இருக்கிறது" என்றேன்.

நானாவிடம் போய்ச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பணிவு இல்லாம தொரைக்கு ஒரு காயிதம் போவுமா டீச்சர்? சட்ட போடாம ஆபீசுக்குப் போற மாதிரி இருக்காது?" எல்லாக் கேள்விக்கும் சட்டையைக் கழற்றுவதற்கு எங்களுக்கு ஒரு மாதம் பிடித்தது.

அடுத்தது ஐந்து படிகள். முழுச் சம்மதம், சம்மதம், நடுவில், சம்மதமில்லை, அறவே சம்மதமில்லை. ஆட்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. ஆகவே டாக்டர் ஐந்து தேநீர்க் கிளாஸ்களைப் படமாக வரையச் சொன்னார். காலிக் கிளாஸ் அறவே சம்மதமில்லை, விளிம்புவரை நிறைந்த ஐந்தாவது கிளாஸ் முழுச் சம்மதம். ஆட்கள் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் எதைக் கேட்டாலும் எல்லாரும் நான்காவது கிளாஸையே தொட்டார்கள். ஐந்தாவதை யாரும் சீண்டவில்லை. டாக்டர் தன் குறிப்பில், தமிழர் இயல்பிலேயே மிதமானவர்கள், எல்லைக்குப் போக விரும்பாதவர்கள் என்று எழுதினார். தேக்கா மார்க்கெட்டில் ஒரு நாள் காலை மீன் வாங்கப் போயிருந்தால் அந்த வாக்கியத்தை எழுதியிருக்க மாட்டார்.

நான் காளிமுத்து என்ற கிடங்குத் தொழிலாளியிடம், கடைசிக் கிளாஸை ஏன் யாரும் தொடவில்லை என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளிம்பு வரைக்கும் ஊத்துனா நுரை எங்கம்மா நிக்கும்? கைய சுட்டுக்கவா? இந்த நாலாவதுதான் நெறஞ்ச கிளாஸு. அஞ்சாவது ஊத்தத் தெரியாதவன் ஊத்துனது." அதற்குப் பிறகு கிளாஸில் தேநீர் நிறத்தை அழித்துத் தண்ணீர் என்று சொல்லிக் காட்டினோம். மிதமான தமிழர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள்.

இவையெல்லாம் வேடிக்கைதான். ஏழாவது கேள்வி வேடிக்கை இல்லை.

நிறுவனத்துக்குக் காலாங் ஆற்றோரம் இரண்டு ரப்பர் கிடங்குகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்டோர், அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். இரண்டு கிடங்கையும் ஒன்றாக்கி ஒரே மண்டோரை வைத்துக்கொள்வது என்று மேலாளர் முடிவு செய்தார். இன்னொருவர் வெளியே போக வேண்டும். யார் போவது? மேலாளர் நவீன மனிதர். தானே முடிவு செய்து பழியைச் சுமப்பானேன் என்று, எங்கள் கேள்வித்தாளில் எந்தக் கிடங்குக்கு நல்ல எண் வருகிறதோ அதன் மண்டோர் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கேள்வித்தாளைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே அதை நம்பி ஒரு மனிதனின் வேலையைத் தீர்மானிப்பது, வேகாத சோற்றைப் பந்தியில் பரிமாறுவதுதான். இதை நான் டாக்டரிடம் கொஞ்சம் மரியாதையான சொற்களில் சொன்னேன். மறுநாள் "ஒருவேளை?" வந்தது.

முதல் கிடங்கின் மண்டோர் அங்கப்பன். ஐம்பதைத் தாண்டியவர். காலையில் கிடங்கைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவார். எருமை, கழுதை, தடிமாடு, இன்னும் நான் அச்சில் போட முடியாத பல பிராணிகள். திட்டுவதோடு விடமாட்டார். ஊருக்குப் பணம் அனுப்பினாயா, தங்கச்சி கல்யாணம் என்ன ஆயிற்று, காய்ச்சலுக்கு ஊசி போட்டாயா என்று ஒவ்வொருவன் வீட்டுக்குள்ளும் புகுந்து வருவார். நிறுவனம் கொடுத்த வீட்டில் குடும்பத்தோடு இருந்தார். வேலை போனால் வீடும் போகும்.

இரண்டாவது கிடங்கில் ராஜரத்தினம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, படிந்த தலைமுடி. சத்தமாகப் பேசவே மாட்டார். சரியாகச் சொன்னால், பேசவே மாட்டார். என்ன வேலை என்று கரும்பலகையில் எழுதிவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவார்.

ஏழாவது கேள்வி இது: "என் மேற்பார்வையாளர் என்னிடம் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை." எட்டாவது, தவறு நேர்ந்தால் பிறர் முன்னால் அல்லாமல் தனியே அழைத்துச் சொல்வார். ஒன்பதாவது, என் சொந்த விஷயங்களில் தலையிட மாட்டார். மூன்றுக்கும் நிறைந்த கிளாஸ் என்றால் நல்ல கிடங்கு. அங்கப்பனின் கதி என்னவென்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

காளிமுத்துவிடம் ஏழாவது கேள்வியை வாசித்தேன். "அய்யய்யோ, யாரு சொன்னா அப்பிடி? நேத்துகூட ஆத்துக்கு அந்தப் பக்கம் கேக்குற மாதிரி எனக்குக் குடுத்தாரும்மா!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுக் காலிக் கிளாஸைத் தொட்டார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. ஆனால் முகத்துக்கு எங்கள் தாளில் இடம் கிடையாது.

இரண்டாவது கிடங்கில் சின்னையா என்பவர், ஒல்லியாக, கழுத்தில் அம்மைத் தழும்போடு உட்கார்ந்திருந்தார். "சத்தமே போட மாட்டாரும்மா" என்று நிறைந்த கிளாஸைத் தொட்டார். அடுத்த கேள்விக்குப் போகலாம் என்று தாளைத் திருப்பினேன்.

"போன மாசம் அம்மை போட்டு பதினஞ்சு நாளு வரலம்மா" என்றார். "திரும்பி வந்தேன். எங்கடா போனேன்னு ஒரு வார்த்த கேக்கல. பலகையில எம் பேர எழுதிட்டுப் போயிட்டாரு." கிளாஸ் படத்தை மறுபடியும் பார்த்தார். "அதுக்கு எந்த கிளாஸும்மா?"

விளக்கம் கொடுக்காதே என்பது விதி. கொடுக்கவில்லை. அவர் சொன்னதை ஓரத்தில் எழுதினேன். டாக்டர் பார்த்துவிட்டு, ஓரத்தில் இருப்பவை தரவு அல்ல என்று மென்மையாகச் சொன்னார். ராஜரத்தினத்துக்கு எக்கச்சக்கமான எண். அங்கப்பனுக்குத் தரையில் கிடந்தது. அதே கேள்விகளை இரண்டு வாரம் கழித்து மறுபடி கேட்போம், அதே பதில் வந்தால் கருவி நம்பகமானது, அதன்பின் அறிக்கை மேலாளரிடம் போகும் என்றார்.

இரண்டாம் சுற்றுக்கு நேரம் கேட்க நான் அங்கப்பன் கிடங்குக்குப் போனேன். வாசலில் நின்று காதைத் தீட்டினேன். சத்தமே இல்லை. ஆட்கள் கும்பல் கும்பலாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுகள் கோணல்மாணலாக அடுக்கியிருந்தன. காளிமுத்து ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, நாலஞ்சு நாளா மண்டோர் திட்டலம்மா."

"நல்லதுதானே?"

"என்னா நல்லது? நேத்து நான் லேட்டா வந்தேன். என்னையப் பாத்து 'வாங்க காளிமுத்து'ங்கிறாரு. வாங்கவாம்! எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." குரலைத் தாழ்த்தினார். "ஆள் குறைக்கப் போறாங்க, அதான? யார யார ஊருக்குக் கப்பலேத்தப் போறாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. போற ஆள எதுக்குத் திட்டணும்னு கைகழுவிட்டாரு. நீங்கதான் எப்படியாச்சும் அவர திட்டச் சொல்லணும்."

அங்கப்பன் உள்ளே ஒரு பெட்டிமேல் வாய் நிறைய வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, பரீட்சை மண்டபத்தில் பேசுகிறவர்போல ரகசியமாகச் சொன்னார். "மெதுவாப் பேசுங்கம்மா. ஏழாவது கேள்வி."

"உங்களுக்கு யார் சொன்னது?"

"நானாதான். சத்தம் போட்டா மார்க் போயிடுமாம். மார்க் போனா வேலையும் வீடும் போயிடும். அதான் வாயில வெத்தலயப் போட்டு அடச்சு வச்சிருக்கேன். வீட்டுக்குப் போயி கோழியத் திட்டிக்கிறேன்."

நேராகத் தேக்காவுக்குப் போனேன். ஹமீது நானா கொஞ்சமும் அசையவில்லை. "நல்லதுக்குத்தான டீச்சர் சொன்னேன்? இருபது வருசமா அவரு ஆளுங்களுக்கு எல்லாம் எங்கிட்டத்தான் மனு எழுதி வாங்குறாரு. அவருக்கு ஒரு கஷ்டம்னா நான் சும்மா இருக்கிறதா? பரீட்சைக்குப் போற மனுசனுக்குக் கேள்வியச் சொன்னா ஒரு குத்தமா?"

"குத்தம்தான் நானா."

"என்னா லா இது! பாஸாவத்தான பரீட்ச வைக்கிறது?"

இதையெல்லாம் டாக்டரிடம் சொன்னேன். கேள்வி வெளியே போய்விட்டது, பதில்கள் கெட்டுப்போயிருக்கும், இரண்டாம் சுற்றை நிறுத்துங்கள் என்றேன். அவர் யோசித்தார். லண்டனுக்குத் தேதி சொல்லியாகிவிட்டது என்றார். சுற்று நடந்தது. ஆட்கள் இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராக நிறைந்த கிளாஸைத் தொட்டார்கள். குரலை உயர்த்துவதில்லை: உண்மை. பிறர் முன்னால் சொல்வதில்லை: உண்மை. சொந்த விஷயத்தில் தலையிடுவதில்லை: உண்மை. காளிமுத்துவுக்குக் கண் கலங்கியே விட்டது. கண்ணீர் படாமல் தாளை நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

அங்கப்பனின் எண் ராஜரத்தினத்தைத் தாண்டிவிட்டது. டாக்டர் சீட்டி அடித்தார். இரண்டே வாரத்தில் ஒரு கிடங்கின் சூழல் இவ்வளவு மேம்பட்டிருப்பது மிக மிகச் சுவாரஸ்யமானது, ஒருவேளை கேள்வி கேட்டதே அவர்களை மகிழ்வித்திருக்கலாம் என்றார்.

"அவர்கள் வேலை போகப்போகிறது என்று பயந்துகிடக்கிறார்கள், டாக்டர்."

"எண்கள் அப்படிச் சொல்லவில்லையே, மிஸ் கமலா."

மறுநாள் காலை மேலாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஒரு கிடங்கில் ஆட்கள், யார் வேலை போகிறது என்று தெரியாமல் உள்ளே போகமாட்டோம் என்று ஆற்றங்கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தக் கிடங்கு என்று டாக்டர் கேட்டார். நமது அளவீட்டின்படி நிறுவனத்திலேயே மிக மகிழ்ச்சியான கிடங்கு அதுதான் என்பது அவருக்குத் தெரிந்ததும் பென்சிலைப் படுக்கவைக்க மறந்து கீழே போட்டுவிட்டார். ஆட்களை அடக்கத் தெரியாத மண்டோர் எதற்கு, அங்கப்பனை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மதியம்வரை பொறுக்கச் சொல்லிவிட்டு டாக்டர் என்னையும் கூட்டிக்கொண்டு காலாங்குக்குப் புறப்பட்டார்.

பாதி ஆட்கள் சுவரில். மீதிப் பேர் உள்ளே, மனமில்லாமல் கட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். முதுகு வலிக்காரரான காளிமுத்து அடுக்கின்மேல் ஏறி நின்றிருந்தார். அங்கப்பன் ஒரு மூலையில், வெற்றிலையோடு, கண் சிவந்துபோய் நின்றார். நான் காளிமுத்துவிடம் பேச அடுக்கின் அடியில் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்துப் பேச ஆரம்பித்தேன். ரப்பர் கட்டு ஒவ்வொன்றும் இரண்டு ஆள் கனம். மேல் வரிசை சாய்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன.

"எருமைங்களா! எவன்டா இத அடுக்குனது? டீச்சரம்மா, மாடு மாதிரி அங்கயே நிக்கிறீங்களே, நவுருங்க!"

இன்னொன்று ஆங்கிலத்தில் வந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. "முட்டாள் பெண்ணே! வெளியே வா! உடனே!"

குதித்தேன். நான் நின்ற இடத்தில் மூன்று கட்டுகள் விழுந்தன. காளிமுத்து பக்கத்துத் தூணைப் பிடித்துத் தொங்கி, வழுக்கி இறங்கினார். பிறகு அங்கப்பன் வெற்றிலையைத் துப்பினார். அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"டேய் காளிமுத்து! முதுகு வலிக்கு ஒனக்குத் தைலம் வாங்கிக் குடுத்தது நானு. அந்த முதுகோட ஒன்ன மேல ஏறச் சொன்னது எவன்டா? விழுந்து தொலைஞ்சிருந்தா ஊர்ல இருக்கிற ஒன் ஆத்தாவுக்கு நானாடா காயிதம் போடுறது? வெளிய ஒக்காந்திருக்கிற தடிமாடுங்களா, ஒங்களுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?"

சுவரில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே வந்தார்கள். எல்லார் முகத்திலும் சிரிப்பு. காளிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பாடா, யாரும் போகல லா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

டாக்டர் ஒரு கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. மண்டோர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். ஒரு பிராணியைக்கூட விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். தைலத்தையும் சொன்னேன், ஆத்தாவையும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மன்னிக்க வேண்டும், மிஸ் கமலா. நான் உங்களிடம் குரலை உயர்த்திவிட்டேன்" என்றார்.

இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பயமாக இல்லை. நான் விழுந்து நசுங்கினால் இவருக்கு ஏதோ ஆகும் என்று தெரிந்துவிட்டது. அது சந்தோஷமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். பிறகு, "ஏழாவது கேள்வி, டாக்டர். உங்களுக்கு எந்தக் கிளாஸ் போடட்டும்?" என்று கேட்டேன்.

அவர் சுவாரஸ்யம் என்று சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பெப்பர்மிண்ட் எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.

அன்று பிற்பகலே மேலாளருக்கு எழுதினார். இந்தக் கேள்வித்தாள் தமிழ் ஆட்களிடம் எதை அளப்பதாகச் சொல்கிறதோ அதை இன்னும் அளக்கவில்லை, இதை வைத்து யாரையும் அனுப்பக் கூடாது என்று. அதோடு நில்லாமல், கடந்த காலத்தில் எந்தக் கிடங்கிலிருந்து ஆட்கள் தாமாக விலகிப் போனார்கள் என்று விசாரித்தார். ராஜரத்தினத்திடமிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். அங்கப்பனிடமிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. இதை முதலிலேயே பார்த்திருக்கலாம் என்று நான் வாயால் சொல்லவில்லை, முகத்தில் போட்டுக்கொண்டு நின்றேன். ஏழாவது கேள்வியைத் தமிழருக்காகத் திருப்பிப்போடலாமா என்று டாக்டர் லண்டனையும் கேட்டார்; பின்னால் வந்த பதிலையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாட்டுக்காகக் கேள்வியைத் திருப்பிப்போட்டால் மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாது, ஆகவே கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு ஆட்களைக் கொஞ்சம் பழக்கப்படுத்த முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

எண் இல்லாமல் போனதும் மேலாளர் தவித்துப்போனார். கடைசியில் வேறு வழியில்லாமல், யாருமே அதுவரை யோசிக்காத ஒரு காரியத்தைச் செய்தார். நேரில் போய்க் கேட்டார். அங்கப்பன் கிடங்கில் கேட்பதற்கு அவசியமே இருக்கவில்லை. இரண்டாவது கிடங்கில் ஆட்களை நிற்கவைத்து, அங்கப்பனுக்குக் கீழே வேலை செய்யச் சம்மதமா என்று என் வாயிலாகக் கேட்டார். பின்வரிசையிலிருந்து சின்னையாவின் குரல் வந்தது.

"அங்கப்பன் அண்ணன் வந்தா, எங்களையும் திட்டுவாராம்மா?"

மொழிபெயர்த்தேன். மேலாளர் தலையசைத்தார். "பார்த்தீர்களா, பயப்படுகிறார்கள்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து டாக்டர் ஹார்ட்லி சத்தமாகவே சொன்னார்: "இல்லை. தங்களையும் சேர்த்துக்கொள்வாரா என்று கேட்கிறார்கள்."

ராஜரத்தினத்தை வெளியே அனுப்பவில்லை. அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலைக்கு மாற்றினார்கள். பேச வேண்டிய அவசியமே இல்லாத இடம். மனிதர் அங்கே நிம்மதியாக இருந்தார். அங்கப்பன் இரண்டாவது கிடங்குக்கு வந்த முதல் காலை நானும் போயிருந்தேன். முந்தின நாளே அவர் ஒவ்வொருவரைப் பற்றியும் விசாரித்து வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்தார், வரிசையை ஒரு பார்வை பார்த்தார். சின்னையா முன்னால் வந்து நின்றார்.

"ஏண்டா தடிமாடு! அம்மை போட்டு பதினஞ்சு நாளு படுத்திருந்தியாமே! எவனுக்காச்சும் சொல்லி அனுப்புனியாடா? தனியாக் கெடந்து செத்திருந்தா என்னடா பண்ணியிருப்ப? கழுத்தக் காட்டு. காட்டுடா!"

சின்னையா எல்லார் முன்னிலையிலும் கழுத்தைக் காட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரித்தார், பிறகு கட்டைத் தூக்கப் போனார்.